கெர்னல் துணையமைப்புகளுக்கு இடையே ரேஸ் கண்டிஷனைத் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கெர்னலில் டிரைவர், கோப்பு முறைமை, நெட்வொர்க் என ஏதாவது ஒரு பகுதியில் கைவைக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சி மொழியும், த்ரெட், பூட்டு பற்றிய அடிப்படையும் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒரே துணையமைப்புக்குள் நடக்கும் ரேஸைவிட, இரண்டு துணையமைப்புகள் சந்திக்கும் எல்லையில் நடப்பதுதான் நெடுங்காலம் கண்ணில் படாமல் கிடக்கிறது. எனவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த எல்லைகளிலிருந்தே வருகின்றன.

ரேஸ் கண்டிஷன், டேட்டா ரேஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. ஒரே நினைவக இடத்தை இரண்டு சிபியூக்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் ஒரே வேளையில் தொடுகின்றன, அவற்றில் ஒன்றாவது எழுதுகிறது என்றால் அது டேட்டா ரேஸ். நிகழ்வுகளின் வரிசை மாறியதாலேயே விளைவு தவறாகிறது என்றால் அது ரேஸ் கண்டிஷன்.

ஒவ்வொரு வாசிப்பையும் எழுத்தையும் பூட்டுக்குள் வைத்தால் முதலாவதான டேட்டா ரேஸ் ஒழிந்துவிடும். ஆனால் பூட்டைப் பிடித்து ஒன்றைச் சோதித்து, பூட்டை விட்டு, மறுபடி பிடித்து, பழைய சோதனையை நம்பிச் செயல்பட்டால் இரண்டாவதான ரேஸ் கண்டிஷன் அப்படியே இருக்கும். கருவிகள் முதலாவதை நன்றாகப் பிடிக்கின்றன. இரண்டாவதைப் பிடிக்க, எந்த உண்மை எவ்வளவு நேரம் மாறாமல் இருக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்தாக வேண்டும்.

ஒவ்வொரு துணையமைப்பும் தன் பூட்டைச் சரியாகப் பிடித்தால் போதாதா?

போதாது. இதற்கு நான் எப்போதும் காட்டும் எடுத்துக்காட்டு, கோப்பில் துளை போடுவது. ஃபாலொகேட் என்ற கணினி அழைப்பின் மூலம் ஒரு கோப்பின் நடுப்பகுதியை நீக்கி, அதற்குரிய வட்டு இடத்தை விடுவிக்கலாம். கோப்பு முறைமை இதை இரண்டு படிகளில் செய்கிறது. முதலில் அந்தப் பகுதிக்கான பக்கங்களை, கோப்புத் தரவின் நகலை நினைவகத்தில் வைத்திருக்கும் பக்கக் கேஷிலிருந்து அகற்றுகிறது. பிறகு வட்டுத் தொகுதிகளை விடுவிக்கிறது.

இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே என்ன நடக்கலாம் என்று பாருங்கள். அதே கோப்பை எம்மேப் செய்து (தன் நினைவகத்தின் பகுதிபோல இணைத்து) வைத்திருக்கும் இன்னொரு ப்ராசஸ் அந்தப் பகுதியைத் தொடுகிறது. அந்தப் பக்கம் நினைவகத்தில் இல்லாததால் பேஜ் ஃபால்ட் எழுகிறது. நினைவக மேலாண்மை தன் கடமையைப் பிழையில்லாமல் செய்கிறது: பக்கம் கேஷில் இல்லை, எனவே வட்டிலிருந்து படித்துக் கேஷில் வைக்கிறது. அந்தப் பக்கம் இப்போது பழைய வட்டுத் தொகுதியோடு பிணைந்திருக்கிறது. அடுத்த நொடியே கோப்பு முறைமை அந்தத் தொகுதியை விடுவிக்கிறது. அது வேறொரு கோப்புக்குப் போய்ச் சேர்கிறது. முதல் ப்ராசஸ் அந்தப் பக்கத்தில் எழுதினால், அந்த எழுத்து தனக்குத் தொடர்பே இல்லாத கோப்பின் மேல் போய் விழக்கூடும்.

பக்கக் கேஷின் உள்பூட்டு சரியாகப் பிடிக்கப்பட்டது. கோப்பைக் குறிக்கும் கெர்னல் கட்டமைப்பான ஐநோடின் பூட்டும் சரியாகப் பிடிக்கப்பட்டது. இரு பக்கத்துக் குறியீட்டையும் தனித்தனியே படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கெட்டுப்போனது “இந்தப் பகுதி கேஷில் இல்லை” என்ற உண்மை. வட்டுத் தொகுதி விடுவிக்கப்படும் வரை அந்த உண்மையைக் காக்க வேண்டியவர் யார் என்பதை யாரும் வரையறுத்திருக்கவில்லை.

அப்படியானால் பேஜ் ஃபால்ட் நேரத்திலும் ஐநோடின் பூட்டைப் பிடித்துவிடலாமே?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு இதுதான். ஆனால் அது டெட்லாக்கில் கொண்டுபோய் விடும். ஒரு ப்ராசஸ் கோப்பில் எழுதும்போது கெர்னல் முதலில் ஐநோடின் பூட்டைப் பிடிக்கிறது. பிறகு பயனர் நினைவகத்திலிருந்து தரவை நகலெடுக்கும்போது அங்கே பேஜ் ஃபால்ட் எழுந்தால், ப்ராசஸின் நினைவகப் பகுதிகளின் பட்டியலைக் காக்கும் எம்மேப் பூட்டைப் பிடிக்க வேண்டி வருகிறது. அதாவது வரிசை: ஐநோடு, அதன் பின் எம்மேப். பேஜ் ஃபால்ட் பாதையிலோ எம்மேப் பூட்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அங்கே ஐநோடின் பூட்டைக் கேட்டால் வரிசை தலைகீழாகிவிடும். இரண்டு த்ரெட்கள் எதிரெதிர் வரிசையில் நுழைந்தால் இரண்டுமே நின்றுபோகும்.

இந்தச் சிக்கலுக்காக எக்ஸ்ட்4 தனக்கென்று ஒரு பூட்டை வைத்திருந்தது. எக்ஸ்எஃப்எஸ் தனக்கென்று வேறொன்றை வைத்திருந்தது. ஒவ்வொரு கோப்பு முறைமையும் இதே பாடத்தைத் தனியாகக் கற்க வேண்டியிருந்தது. 2021-இல் வெளிவந்த 5.15 பதிப்பில், கெர்னல் உருவாக்குநர் ஜான் காராவின் முயற்சியால், இன்வாலிடேட் லாக் என்ற பொதுப் பூட்டு பக்கக் கேஷின் கட்டமைப்புக்குள்ளேயே வந்து சேர்ந்தது. கேஷில் பக்கம் சேர்ப்பவர்கள் அதைப் பகிர்ந்து பிடிப்பார்கள். பகுதியை அகற்றித் தொகுதியை விடுவிப்பவர், இரண்டு படிகளும் முடியும் வரை அதைத் தனியுரிமையாகப் பிடித்திருப்பார். இந்தப் பூட்டின் இடம் எம்மேப் பூட்டுக்குப் பிறகு என்பது பக்கக் கேஷின் மூலக் கோப்பின் தொடக்கத்தில் உள்ள வரிசைப் பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது. கெர்னலில் யாராவது ஒரு குறிப்பைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், அந்தப் பட்டியலைப் படிக்கச் சொல்வேன்.

கெர்னல் முழுவதற்கும் ஒரே ஒரு பூட்டு இருந்தால் இந்தத் தொல்லை வராதே?

லினக்ஸ் அப்படித்தான் தொடங்கியது. 1996-இல் வந்த 2.0 பதிப்பு பல சிபியூக்களை ஆதரித்தபோது பிக் கெர்னல் லாக் என்ற ஒற்றைப் பூட்டை நம்பியிருந்தது. வேகக் குறைவு ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, அந்தப் பூட்டைப் பிடித்திருந்தவர் தூங்கப் போனால் (சிபியூவை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தால்) அது தானாக விடுபட்டு, எழுந்ததும் தானாகப் பிடிக்கப்படும் என்பது. உள்ளே எங்கோ ஒரு செயற்கூறு தூங்கினாலே பாதுகாப்பில் ஓட்டை விழும். மேலும், எந்தத் தரவைக் காக்க அது பிடிக்கப்பட்டது என்பது பல இடங்களில் யாருக்கும் தெரியாமல் போயிற்று. 2011-இல் 2.6.39 பதிப்பில்தான் அது முழுதாக நீங்கியது. ஒவ்வொரு இடத்திலும் “இது எதைக் காக்கிறது?” என்று அகழ்ந்து பார்க்க வேண்டியிருந்ததால்தான் அத்தனை ஆண்டுகள் ஆயின.

எந்தச் சூழலில் எந்தப் பூட்டு?

தூங்க அனுமதி உள்ள இடத்தில், காத்திருப்பவரைத் தூங்கவைக்கும் மியூடெக்ஸ். இன்டரப்ட் கையாளுநர், சாஃப்ட் ஐஆர்க்யூ (இன்டரப்டின் மீதி வேலையைச் சற்றுப் பின் செய்யும் பகுதி) போன்ற தூங்கக் கூடாத இடங்களில், கிடைக்கும் வரை சுழன்று காத்திருக்கும் ஸ்பின்லாக். இன்டரப்ட் கையாளுநரும் தொடும் தரவு என்றால், அந்த சிபியூவில் இன்டரப்டுகளை நிறுத்திவைத்துப் பூட்டைப் பிடிக்கும் வடிவம். இல்லாவிட்டால், பூட்டு உங்கள் கையில் இருக்கும்போது அதே சிபியூவில் இன்டரப்ட் வந்து அதே பூட்டுக்காகச் சுழன்றுகொண்டே இருக்கும். உங்களால் அதை விடவும் முடியாது.

2024-இல் 6.12 பதிப்பில் குறித்த நேரத்துக்குள் வேலை நடப்பதை உறுதிசெய்யும் நிகழ்நேர வசதி மையக் கெர்னலில் சேர்ந்துவிட்டது என்பதையும் கவனியுங்கள். அந்த அமைப்பில் சாதாரண ஸ்பின்லாக் தூங்கக்கூடிய பூட்டாகிவிடுகிறது. “ஸ்பின்லாக் பிடித்திருக்கிறேன், எனவே என்னை இந்த சிபியூவிலிருந்து யாரும் விலக்க முடியாது” என்று ஓசையின்றி நம்பியிருந்த குறியீடு அங்கே உடையும். ஒவ்வொரு சிபியூவுக்கும் தனியாக உள்ள தரவைக் காக்க லோக்கல் லாக்கைப் பயன்படுத்துங்கள். எதைக் காக்கிறோம் என்பதற்கு அது ஒரு பெயர் கொடுக்கிறது.

ஒரு பொருளை இரண்டு துணையமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. அதை யார், எப்போது அழிப்பது?

எல்லைப் பிழைகளில் மிகக் கொடியவை இங்கேதான் பிறக்கின்றன. அழித்த நினைவகத்தைத் தொடர்ந்து பயன்படுத்தும் பிழை, தாக்குபவருக்குக் கதவைத் திறந்துவிடும்.

அடிப்படை விதி குறிப்பெண்ணிக்கை: பொருளை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும், சுழியத்தைத் தொட்டதும் பொருள் அழியும். இதற்கு வெறும் அட்டாமிக் எண்ணை (பிரிக்க முடியாத ஒரே படியில் மாறும் எண்ணை) பயன்படுத்தாமல், 2017-இல் 4.11 பதிப்பில் வந்த ரெஃப்கவுன்ட் வகையைப் பயன்படுத்துங்கள். எண்ணிக்கை வரம்பு மீறினால் அது சுற்றிவந்து சுழியமாகாமல் உச்சத்தில் உறைந்து நிற்கும். ஒரு பட்டியலில் தேடி எடுக்கும் பொருள் என்றால், “சுழியமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டு” என்ற வடிவம் கட்டாயம். சுழியத்திலிருந்து ஒன்றாக உயர்த்துவது செத்துக்கொண்டிருப்பதை உயிரோடு இருப்பதாக நம்புவது.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பிழை வரலாம் என்பதற்கு யூனிக்ஸ் சாக்கெட் ஒரு பாடம். அந்த சாக்கெட் வழியே ஒரு ப்ராசஸ் இன்னொன்றுக்குத் திறந்த கோப்புகளை அனுப்பலாம். சாக்கெட்டுக்குள்ளேயே சாக்கெட்டையும் அனுப்பலாம். இதனால் ஒன்றையொன்று மட்டும் பிடித்திருக்கும் வளையங்கள் உருவாகின்றன. அவற்றைக் களைய நெட்வொர்க் பகுதியில் ஒரு குப்பை சேகரிப்பான் இருக்கிறது. ஒரு கோப்பின் மொத்த எண்ணிக்கையும், வழியில் பயணித்துக்கொண்டிருக்கும் பிரதிகளின் எண்ணிக்கையும் சமமாக இருந்தால், வெளியே யாரிடமும் அது இல்லை என்று முடிவுசெய்யும். சேகரிப்பான் தன் பூட்டைப் பிடித்திருக்கும் வரை, வெளியே இருந்து புதிதாக யாரும் அந்தக் கோப்பைப் பெற முடியாது என்பது அதன் நம்பிக்கை. செய்தியை வரிசையிலிருந்து எடுக்கும் வழக்கமான பாதை அந்தப் பூட்டைத் தொட்டுத்தான் போகும். எனவே அந்த நம்பிக்கை அங்கே பொய்க்காது.

ஆனால் செய்தியை எடுக்காமல் எட்டிப் பார்க்க மட்டும் செய்யும் பீக் வசதி என்று ஒன்று உண்டு. அதுவும் கோப்புக்கு ஒரு புதிய குறிப்பைக் கொடுக்கும், அந்தப் பூட்டைத் தொடாமலே. பயனர் கையில் இருக்கும் கோப்பைச் சேகரிப்பான் குப்பை என்று தூக்கி எறியலாம். பாதுகாப்புப் பிழைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2021-0920 என்ற எண் பெற்ற இந்தப் பிழை, ஆண்ட்ராய்டு கருவிகள் மீதான உண்மையான தாக்குதல்களில் பயன்பட்டது. 2021 ஜூலையில் மிக்லோஸ் செரெடி எழுதிய திருத்தம், பீக் பாதையும் அந்தப் பூட்டை ஒருமுறை பிடித்து விடச் செய்தது. உள்ளே எந்த வேலையும் இல்லை. சேகரிப்பான் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை காத்திருப்பதே நோக்கம். ஒரு பகுதி எதை நம்பியிருக்கிறது என்பது எல்லோர் பார்வைக்கும் எழுதி வைக்கப்படவில்லை என்றால், புதிய பாதை சேர்ப்பவர் அதை மீறுவது ஏறக்குறைய உறுதி.

ஆர்சியூ இருந்தால் பூட்டே வேண்டாமா?

எழுதுபவர்களுக்கு இடையே பூட்டு வேண்டும். ஆர்சியூ (ரீட்-காப்பி-அப்டேட்) என்ற முறை படிப்பவர்களுக்கு மட்டுமே பூட்டிலிருந்து விடுதலை தருகிறது. எழுதுபவர் புதிய பிரதியை உருவாக்கி, பாயிண்டரை மாற்றி, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த எல்லோரும் வெளியேறும் வரை காத்திருந்து பழையதை அழிக்கிறார். இந்த முறை 2002 முதல் லினக்ஸில் இருக்கிறது. பால் மெக்கென்னி இதன் முதன்மையான சிற்பி.

ஆனால் அந்தக் காத்திருப்பு, ஆர்சியூ படிப்புப் பகுதிக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். 2023-இல் வெளிப்பட்ட ஸ்டாக்ராட் பிழையில் நடந்தது இதுதான். 6.1 பதிப்பில் ப்ராசஸின் நினைவகப் பகுதிகளைக் குறித்துவைக்க மேப்பிள் ட்ரீ என்ற புதிய தரவமைப்பு வந்தது. அடுக்கு நினைவகம் தானாக விரியும்போது, எம்மேப் பூட்டைப் படிப்பு முறையில் மட்டும் பிடித்துக்கொண்டு மரம் மாற்றப்பட்டது. பழைய கணு ஆர்சியூ வழியாக அழிக்கப்பட்டது. அதே நேரத்தில் மரத்தைப் படித்துக்கொண்டிருந்த இன்னொரு த்ரெட்டிடம் எம்மேப் படிப்புப் பூட்டு இருந்தது. ஆர்சியூ படிப்புப் பகுதியில் அது இல்லை. ஆர்சியூ அதற்காகக் காத்திருக்கவில்லை. திருத்தத்துக்குப் பிறகு, அடுக்கை விரிக்க எழுத்துப் பூட்டே தேவை என்று மாறியது. பழைய தரவமைப்பில் தீங்கில்லாமல் இருந்த வழக்கம், தரவமைப்பு மாறியதும் பிழையாகிவிட்டது.

டர்ட்டி கௌ பிழையும் இந்த வகைதானா?

ஆம். சிவிஇ-2016-5195. படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கோப்பை ஒரு ப்ராசஸ் தனிப்பட்ட முறையில் (எழுதினால் தன் நகல் மட்டும் மாறும்படி) எம்மேப் செய்கிறது. ப்ராசஸ்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமை வழியாகத் தன் நினைவகத்திலேயே எழுத முயல்கிறது. கெர்னல் அந்தப் பக்கத்துக்கு ஒரு தனி நகல் எடுத்து, நகல் எடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் “எழுத வேண்டும்” என்ற கொடியை நீக்கிவிட்டு மறுபடி தேடுகிறது. அந்த இடைவெளியில் இன்னொரு த்ரெட், எம்அட்வைஸ் மூலம் “இந்தப் பக்கம் வேண்டாம்” என்று நகலைத் தூக்கி எறிகிறது. மறுதேடலில் கிடைப்பது மூலக் கோப்பின் பக்கம். எழுத்து அதன் மேல் விழுகிறது. 2007-இல் வந்த 2.6.22 முதல் 2016 அக்டோபர் வரை திறந்திருந்த கதவு இது. லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய திருத்தம், கொடியை நீக்குவதை நிறுத்தி, நகல் எடுத்ததைக் குறிக்கத் தனிக் கொடி வைத்தது. நகல் உண்மையில் அங்கே இருக்கிறதா என்பது ஒவ்வொரு முறையும் சோதிக்கப்படுகிறது.

டிரைவரை நீக்கும்போது கெர்னல் விழுகிறது. ஏன்?

பெரும்பாலும் டைமர், ஒர்க் க்யூ (பின்னர் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை), இன்டரப்ட் மூன்றும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டிருப்பதால். டைமரை நிறுத்துகிறீர்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒர்க் அதை மறுபடி முடுக்குகிறது. ஒர்க்கை முதலில் ரத்து செய்தால், டைமர் அதை மறுபடி வரிசையில் போடுகிறது. எந்த வரிசையில் நிறுத்தினாலும் ஓட்டை. இந்த வளையத்தை உடைக்கவே 6.2 பதிப்பில் டைமர் ஷட்டவுன் சிங்க் வந்தது. அதற்குப் பிறகு யார் முடுக்கினாலும் டைமர் கிளம்பாது. அதற்கு முன்பே வெளியுலகிலிருந்து வரும் வழிகளை அடைத்துவிடுங்கள்: பதிவை நீக்குங்கள், இன்டரப்டை விடுவியுங்கள். நினைவகத்தை அழிப்பது கடைசியில்.

பாயிண்டரை வோலட்டைல் என்று அறிவித்தால் போதுமா?

போதாது. சிபியூ வரிசை மாற்றுவதை அது தடுக்காது.

பிறகு வரிசையை எப்படி உறுதி செய்வது?

எக்ஸ்86 செயலியில் ஒரு சிபியூ செய்த எழுத்துகள் மற்றவற்றுக்கு அதே வரிசையில் தெரியும். ஆர்ம் செயலியில் அந்த உத்தரவாதம் இல்லை. எனவே மேசைக் கணினியில் ஓடிய டிரைவர் கைப்பேசியில் விழுவது இயல்பு. பொருளை முழுதாக நிரப்பிய பிறகு ஸ்டோர் ரிலீஸ் (முந்தைய எழுத்துகள் இதற்குப் பின் தள்ளிப்போகாமல் காக்கும் எழுத்து) மூலம் பாயிண்டரை வெளியிடுங்கள். படிப்பவர் லோட் அக்வயர் (பிந்தைய வாசிப்புகள் இதற்கு முன் நகராமல் காக்கும் வாசிப்பு) மூலம் எடுக்கட்டும். இரண்டும் இணையாக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயன் இல்லை. பூட்டுகளுக்குள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பூட்டு இல்லாமல் எழுத உங்களுக்கு அளந்து பார்த்த காரணம் இல்லையென்றால், பூட்டோடு எழுதுங்கள்.

பூட்டைப் பிடித்துக்கொண்டு நினைவகம் ஒதுக்கலாமா?

எந்தப் பூட்டு என்பதைப் பொறுத்தது. நினைவகம் குறைந்தால் ஒதுக்கீட்டாளர் கேஷைச் சுருக்கக் கோப்பு முறைமையையே அழைக்கும். நீங்கள் கோப்பு முறைமையின் பூட்டைப் பிடித்திருந்தால் அதே பூட்டுக்காக உங்களுக்குள்ளேயே திரும்பி வருவீர்கள். அந்தப் பகுதி முழுவதையும் “கோப்பு முறைமையை அழைக்காதே” என்று குறிக்கும் நோஎஃப்எஸ் வரம்புக்குள் வையுங்கள்.

எந்தக் கருவிகளை இயக்கிச் சோதிக்க வேண்டும்?

முதலில், பூட்டுகள் பிடிக்கப்படும் வரிசையைக் கண்காணிக்கும் லாக்டெப். இங்கோ மோல்னார் உருவாக்கி 2006-இல் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. இதன் அருமை, டெட்லாக் உண்மையில் நடக்கும் வரை காத்திருக்காதது. காலையில் ஒரு த்ரெட் அ, ஆ என்ற வரிசையிலும், மாலையில் இன்னொன்று ஆ, அ என்ற வரிசையிலும் பிடித்தால் போதும், எச்சரித்துவிடும். தனித்தனிப் பூட்டுகளைப் பார்க்காமல் பூட்டு வகைகளைப் பார்ப்பதால், சோதனையில் ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் எல்லாக் கோப்புகளுக்குமான விதி மீறலைக் கண்டுபிடிக்கும். சில வேளைகளில், பெற்றோர் அடைவு, குழந்தை அடைவு போல ஒரே வகைப் பூட்டை இருமுறை பிடிக்க நியாயம் இருக்கும். அப்போது அந்தப் படிநிலையைக் குறியீட்டிலேயே அறிவிக்கலாம். எச்சரிக்கையை வாயடைப்பதற்காக மட்டும் அப்படி அறிவிப்பது பெரும் தீங்கு. அடுத்து வரும் உண்மையான பிழையும் மறைந்துபோகும்.

அடுத்து கேசிசான். மார்கோ எல்வர் முன்னின்று உருவாக்க, 2020-இல் 5.8 பதிப்பில் வந்தது. ஒரு நினைவக அணுகலில் காவல் வைத்து, சற்றுத் தாமதித்து, அதற்குள் வேறு யாராவது தொட்டார்களா என்று பார்க்கும். டேட்டா ரேஸுக்கு இது. அழித்த நினைவகத்தைத் தொடுவதைக் கண்டுபிடிக்கக் கேசான். இவை எல்லாவற்றையும் இயக்கிய கெர்னலின் மேல் சிஸ்காலர் என்ற கருவியை ஓடவிடுங்கள். கணினி அழைப்புகளை யாரும் நினைக்காத சேர்க்கைகளில் இணையாக அழைத்துப் பார்ப்பது அதன் வேலை. துளை போடும்போது பேஜ் ஃபால்ட், பீக் செய்யும்போது குப்பை சேகரிப்பு போன்ற சந்திப்புகளை மனிதர் எழுதும் சோதனைகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

புதிதாக எழுதும் குறியீட்டில் எதை எழுதி வைக்க வேண்டும்?

கட்டமைப்பில் ஒவ்வொரு புலத்தின் அருகிலும் அதைக் காக்கும் பூட்டின் பெயர். பூட்டு பிடித்த நிலையில்தான் அழைக்க வேண்டிய செயற்கூற்றின் முதல் வரியில் லாக்டெப் அசெர்ட் ஹெல்ட் என்ற சோதனை: கருத்துரையைப் படிக்காதவரையும் இயந்திரம் நிறுத்தும். வேறு துணையமைப்பு உங்களைத் திரும்ப அழைக்கும் இடம் என்றால், அந்த அழைப்பு எந்தப் பூட்டுகளோடு வரும், தூங்கலாமா, பதிவை நீக்கிய பிறகும் வருமா என்ற மூன்றுக்கும் விடை.

ரேஸ் இருப்பதாகச் சந்தேகம், ஆனால் மீண்டும் நிகழ்த்த முடியவில்லை. என்ன செய்வது?

சந்தேகப்படும் இடைவெளிக்குள் சில மில்லிநொடித் தாமதத்தைச் செருகுங்கள். அந்த இடத்தில் தூங்க அனுமதி இல்லை என்றால் சுழன்று காத்திருக்கும் வகைத் தாமதம். நானோநொடிகளில் மூடிக்கொண்டிருந்த இடைவெளி விரியும். மறுபக்கத்தை இன்னொரு சிபியூவில் சுற்றில் ஓடவிட்டால், சந்தேகம் சரியென்றால் விரைவில் விழும். திருத்தத்தைச் சேர்த்த பின் தாமதத்தை அப்படியே வைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், பிறகே தாமதத்தை நீக்குங்கள். பேட்சின் விளக்கத்தில் இடப்பக்கம் சிபியூ 0, வலப்பக்கம் சிபியூ 1 என்று இரண்டு பத்திகள் போட்டு, எந்த வரிக்குப் பின் எந்த வரி ஓடினால் கெடுகிறது என்று மேலிருந்து கீழாக வரையுங்கள். இரண்டு துணையமைப்புகளின் பராமரிப்பாளர்களுக்கும் அந்தப் பேட்சை அனுப்புங்கள்.